பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்: படக்கருவி வில்லையைச் சோதிப்பதும் காப்பதும்



விலையுயர்ந்த எந்தப் பொருளையும் 'கண்ணைப் போலப் பார்த்துக்கொள்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்ணை யாரும் பெட்டிக்குள் பூட்டிப் பாதுகாப்பதில்லை. திறந்து, பார்த்து, பயன்படுத்தித்தான் அதைக் காக்கிறோம். லென்ஸ் என்று நாம் சொல்லும் படக்கருவி வில்லைக்கும் இதுவே பொருந்தும். இந்தச் சின்ன உண்மை எனக்குப் புரிவதற்குள் என் தாத்தாவின் வில்லை பாதி கெட்டுவிட்டது. அந்த அனுபவத்தோடு, நான் படித்தும் கேட்டும் செய்தும் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

தாத்தாவின் பெட்டி

எங்கள் வீடு கேமரன் மலையில், திரிங்காப்பில் இருக்கிறது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், கியா பார்மைத் தாண்டினால் வரும் சிற்றூர் அது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகுதான் குடும்பம் இங்கே குடிவந்தது. தோட்டத்தில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரு பெண்டாக்ஸ் கே1000 படக்கருவி இருந்தது. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட, சுருள் போட்டு எடுக்கும் கருவி அது. லயத்தில் யார் வீட்டில் காதுகுத்து, கல்யாணம், தீமிதி என்றாலும் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்களாம்.

கண்பார்வை குறைந்ததும் தாத்தா கருவியைத் தோல் உறையில் போட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "யாரும் தொடக்கூடாது" என்பது உத்தரவு. நான் மூன்றாம் படிவம் படிக்கையில் அவர் காலமானார். அதன் பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்த சமயம் ஆயா சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஊரையே படம் புடிச்சாரு ஒன் தாத்தா. என்னைய மட்டும் தனியா ஒன்னுகூட எடுக்கல. அந்தப் பொட்டியால நீயாச்சும் எடும்மா" என்றார்.

உறையைத் திறந்ததும் ஈர வாடை அடித்தது. வில்லையின் முன்கண்ணாடியில் தூசு படிந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. போட்டிருந்த டீ சட்டையின் ஓரத்தால் அழுத்தித் துடைத்தேன். காலையில் அப்பாவோடு காய்கறித் தோட்டத்திற்குப் போய் வந்த சட்டை அது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது கண்ணாடியில் மூன்று மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அதைவிட மோசமானது உள்ளே இருந்தது. சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள், நடுவை நோக்கிப் படர்ந்திருந்தன. கீறல் என் அவசரத்தால் வந்தது. நூல்கள், நாங்கள் அத்தனை ஆண்டுகள் 'பத்திரமாக' வைத்திருந்ததால் வந்தவை.

கண்ணாடியில் பூஞ்சை வளருமா?

வளரும். ரொட்டியிலும் ஊறுகாயிலும் வளரும் பூஞ்சைக்கு உறவுதான் இதுவும். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் அவை முளைக்கத் தொடங்கும். கண்ணாடியை உண்டு வளர வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. விரல் ரேகையின் எண்ணெய், தூசிலுள்ள நார், உள்ளே இருக்கும் மசகு, இவையே போதும். ஆனால் வளரும்போது பூஞ்சை அமிலம் சுரக்கிறது. அது முதலில் கண்ணாடியின் மேற்பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரிக்கிறது. பூஞ்சையைத் துடைத்தாலும் அரித்த தடம் போகாது.

இரண்டாம் உலகப் போரின்போது, நியூகினித் தீவின் காடுகளில் போரிட்ட படைகளுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கருவிகளும் பூஞ்சை பிடித்து மங்கின. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதெல் மெக்லெனன் முதலான தாவரவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, கருவிக்குள்ளேயே பூஞ்சைக்கொல்லி வைக்கும் முறையைக் கண்டார்கள். அவர்களின் கட்டுரை 1946இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

நம் நாடு முழுவதுமே ஈரமான நாடுதான். கேமரன் மலையில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்குள் பனிமூட்டம் நுழையும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லை. தோல் உறையோ ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இருட்டும் அசையாத காற்றும் ஈரமும் ஒன்றுசேர்ந்த அந்த இடத்தைப் பூஞ்சைக்காகவே நாங்கள் கட்டிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

மேற்பூச்சு ஏன் முக்கியம்?

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து தனித்தனிக் கண்ணாடிகள் கொண்ட வில்லைக்குப் பத்துப் பரப்புகள். பத்திலும் இப்படி இழந்தால் கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு ஒளியே உள்ளே போய்ச் சேரும். மிச்சம் வில்லைக்குள் அங்குமிங்கும் எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்யும். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா மிக மெல்லிய பூச்சின் மூலம் இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். இன்று நல்ல பூச்சுடைய பரப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒளியைத் திருப்புகிறது. வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதா, பச்சை நிறங்கள் அந்தப் பூச்சின் அடையாளமே. தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது அது. அதைத்தான் நான் மண் ஒட்டிய சட்டையால் தேய்த்தேன்.

சோதிக்கும் முறை

பழைய வில்லையை வாங்கும் முன்னரும், சொந்த வில்லையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்யலாம். இதற்குக் கைவிளக்கு ஒன்றும் செய்தித்தாள் ஒன்றும் போதும்.

முதலாவது, ஒளிச் சோதனை. ஒளித்துளையை முழுக்கத் திறந்து, இருட்டறையில் வில்லையின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கைச் சற்றுச் சாய்வாகக் காட்டி, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நூல் நூலாகவோ நட்சத்திர வடிவிலோ தெரிந்தால் அது பூஞ்சை. பால் போல ஒரே சீராக மங்கலாக இருந்தால் ஆவிப்படலம். ஓரத்தில் வானவில் நிறத்தோடு வளையம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். சிதறிய புள்ளிகள் வெறும் தூசு. அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, கைச் சோதனை. குவிய வளையம் மெதுவாகவும் ஒரே சீராகவும் சுழல வேண்டும். ஒளித்துளையின் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் அவை விரைவில் ஒட்டிக்கொள்ளும். கருவியில் பொருத்தியபின் வில்லை ஆடக்கூடாது.

மூன்றாவது, செய்தித்தாள் சோதனை. செய்தித்தாளைச் சுவரில் சமமாக ஒட்டி, முக்காலியில் கருவியை நேராக வையுங்கள். ஒளித்துளையை முழுக்கத் திறந்து ஒரு படம், எஃப் 8 அளவில் இன்னொரு படம் எடுங்கள். (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்.) திறந்த துளையில் ஓரங்கள் கொஞ்சம் மங்குவது இயல்பு. ஆனால் நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் மங்கினால், முதலில் கருவி கோணலாக இருந்ததா என்று சரிபார்த்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலை மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கக்கூடும். அந்த வில்லையை வாங்காதீர்கள்.

நான்காவது, எதிர்வெளிச்சச் சோதனை. ஜன்னலின் முன் ஒருவரை நிறுத்திப் படம் எடுங்கள். கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாக வெளிறினால் உள்ளே பூஞ்சையோ படலமோ இருக்கிறதா என்று மறுபடி கைவிளக்கால் பாருங்கள். என் வில்லையின் குறை மற்றெதையும்விட இதில்தான் தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்னியல் கருவியில் எடுத்த வானத்தின் படத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் பலரும் வில்லையைத் துடைக்கப் போவார்கள். எஃப் 16 அளவில் வானத்தைப் படம் எடுங்கள். வேறு வில்லையை மாட்டியும் புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால், அழுக்கு கருவிக்குள் இருக்கும் ஒளியுணரியின் மேல் இருக்கிறது. வில்லையின் மேல் குற்றமில்லை.

துடைக்கும் முறை

கோலாலம்பூரில் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். வில்லையைப் பார்த்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எதால் துடைத்தாய்?" என்பதுதான். நான் சொன்னதும் சிரித்துவிட்டு, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாக ஒரு பாடமே நடத்தினார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: துடைப்பது கடைசி வேலை. முதலில் ரப்பர் ஊதியால் காற்றடித்துத் தூசைப் பறக்கவிட வேண்டும். வில்லையைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தூசு தானாகக் கீழே விழும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். போகாத தூசை மென்மையான தூரிகையால் தள்ள வேண்டும். தூரிகையின் மயிரை விரலால் தொடவே கூடாது, விரலின் எண்ணெய் அதில் ஏறும். பெரும்பாலும் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

விரல் ரேகை, மழைத்துளிக் கறை போன்றவை எஞ்சினால் மட்டும் துடைக்க வேண்டும். வில்லைத் தாளிலோ சுத்தமான நுண்ணிழைத் துணியிலோ ஒன்றிரண்டு துளி வில்லைத் திரவம் விட்டு, நடுவிலிருந்து ஓரத்திற்கு வட்டமாக, அழுத்தாமல் துடைக்க வேண்டும். திரவத்தை நேராகக் கண்ணாடியின் மேல் விட்டால் அது ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். ஒருமுறை பயன்படுத்திய தாளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. நுண்ணிழைத் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி சேர்க்கக்கூடாது, அது துணியில் தங்கிக் கண்ணாடியில் பிசுக்காக ஒட்டும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவம், முகத்துடைப்புத் தாள், சட்டை, கைலி ஆகிய நான்கும் கூடவே கூடாது.

"தூசு நாலைந்து இருந்தால் படத்தில் தெரியாது. நீ துடைத்த கீறல்தான் தெரியும்" என்றார் அந்தப் பெரியவர். உண்மைதான். முன்கண்ணாடித் தூசு குவியத்திற்கு வெகு தூரத்தில் இருப்பதால் படத்தில் உருவம் பெறாது. வில்லைகள் துடைக்காததால் கெடுவதைவிட, அடிக்கடி துடைப்பதால்தான் அதிகம் கெடுகின்றன என்பது அவருடைய அனுபவம்.

உள்ளிருக்கும் பூஞ்சையை நாமே கழற்றிச் சுத்தம் செய்ய முயல்வது ஆபத்து. கண்ணாடிகளை அதே இடத்தில், அதே நேர்கோட்டில் திரும்ப வைப்பது பழகிய கைக்கே சிரமம். வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று சிலர் சொல்வதும் முழு உண்மையன்று. செத்தாலும் அது அங்கேயே ஒட்டியிருக்கும். மேலும் வெயிலில் வைத்த வில்லை பூதக்கண்ணாடியாக மாறித் தீப்பிடிக்க வைக்கலாம். பெரியவரே கழற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையால் துடைத்துக் கொடுத்தார். 80 ரிங்கிட் கேட்டவர், மாணவி என்றதும் 60 வாங்கிக்கொண்டார். நூல்கள் போயின. ஆனால் நடுவுக்குப் பக்கத்தில் ஓர் அரிப்புத் தடம் நின்றுவிட்டது. "இது போகாது. ஆனால் படம் எடுக்கலாம். எடு, எடுத்துக்கொண்டே இரு" என்று சொல்லி அனுப்பினார்.

காக்கும் முறை

பாதுகாப்பு என்பது ஈரத்தை அளந்து வைப்பதுதான். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் வில்லைக்கு உகந்தது. 30க்கும் கீழே போனால் மசகு உலர்ந்து போகலாம். ஈரநீக்கி அலமாரி வாங்க வசதியில்லாத நம்மைப் போன்ற மாணவர்களுக்கு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத நெகிழிப் பெட்டியே போதும். அதற்குள் சிலிக்கா மணிப்பைகளையும் சிறிய ஈரமானி ஒன்றையும் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் நல்லவை. நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். உறையில் போட்ட அறிவுரைப்படி சூடாக்கினால் மறுபடி பயன்படும். அரிசியைப் போடாதீர்கள். அதன் மாவுத்தூள் பூஞ்சைக்கு உணவாகும்.

மலிவான ஈரமானி பொய் சொல்லலாம். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போலாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு பைக்குள் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். ஈர உப்பின் மேலுள்ள காற்று 75 விழுக்காட்டில்தான் நிற்கும். உங்கள் ஈரமானி 70 காட்டினால், அது எப்போதும் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று கணக்கில் கொள்ளுங்கள். என்னுடையது எட்டுக் குறைத்துச் சொல்கிறது.

அடுத்தது பயணம். திரிங்காப்பின் விடியற்காலைக் குளிரிலிருந்து புறப்பட்டுத் தாப்பாவில் இறங்கியதும் பையைத் திறந்தால் வில்லை வியர்த்துவிடும். 30 பாகை செல்சியஸ் காற்று, 18 பாகைக் காற்றைவிட இரு மடங்கு நீராவியைத் தாங்கும். அந்தக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் தாங்க முடியாத நீரை அதன்மேல் விட்டுவிடும். குளிரூட்டிய விரிவுரை மண்டபத்திலிருந்து வெளியே வரும்போதும், எங்கள் ஊரில் குளிர்ந்த காலையிலிருந்து நெகிழிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகைக்குள் நுழையும்போதும் இதேதான் நடக்கும். இதற்கு மருந்து பொறுமை. கருவியைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, அது வெளிச்சூட்டுக்கு வரும்வரை அரை மணியோ ஒரு மணியோ காத்திருந்து திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எடுத்துப் பயன்படுத்துவது. தமிழ்நாட்டின் கொடைக்கானலும் கேமரனைப் போல மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலைதான். அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904ஆம் ஆண்டிலிருந்து சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். 1918இல் 15 சென்டிமீட்டர் வில்லை ஒன்றை வைத்து அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். வானம் தெளிந்த நாளெல்லாம் மூடி திறந்த அந்தப் பணியால், ஒரு நூற்றாண்டுச் சூரியனின் படங்கள் இன்று ஆய்வாளர்களின் கையில் இருக்கின்றன. நாள்தோறும் திறக்கும் கருவியில் பழுது வந்தால் உடனே கண்ணில் படும். பூட்டிய அலமாரியில் பழுது வந்தால் யாருக்குத் தெரியும்?

ஆயாவின் படம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது 36 படச் சுருள் ஒன்றைப் போட்டு எடுத்துச் சென்றேன். ஆயா பச்சைச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். வெயிலை என் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த படங்களில் அவர் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் நிறுத்தி எடுத்த ஒன்றில் மட்டும் முகத்தின் மேல் வெண்மை படர்ந்துவிட்டது.

"என்னா இது, பனியா?" என்று கேட்டார் ஆயா.

"இல்ல ஆயா. பூஞ்சை தின்ன எடம்."

அவர் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தொடாதே தொடாதேன்னு பூட்டிப் பூட்டி வெச்சாரு. குடுத்திருந்தா புள்ளைங்க எவனாச்சும் எடுத்துப் பழகியிருப்பான்" என்றார். பிறகு தெளிவான படத்தைச் சாமி அறைக்குப் பக்கத்தில், தாத்தா படத்தின் அருகே மாட்டச் சொன்னார். ஆயா தனியாக இருக்கும் முதல் படம் அது. அவருக்கு அப்போது வயது 81.

நம் கழகத்திற்கும் ஒரு படக்கருவியும் இரண்டு வில்லைகளும் இருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். விழா வந்தால் வெளியே வரும், முடிந்தால் அலமாரிக்குள் போகும். இவ்வாண்டு அதன் பொறுப்பு என்னிடம் இருந்ததால், மாதம் ஒருமுறை எடுத்துக் கைவிளக்கால் பார்த்து, மணிப்பைகளை மாற்றி, நாலு படமாவது எடுத்து வைத்தேன். ஒரு வில்லையின் ஓரத்தில் அரிசி அளவில் பூஞ்சை தொடங்கியிருந்தது. ஆரம்பத்திலேயே கண்டதால் தடமில்லாமல் போயிற்று. நான் படிப்பை முடித்துக் கிளம்புகிறேன். பெட்டியையும், உப்பில் சோதித்த ஈரமானியையும், தேதி குறிக்கும் சிறு நோட்டையும் அடுத்த ஆண்டுச் செயலவையிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அலமாரிச் சாவி செயலாளரிடம் இருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படமெடுக்கலாம். சட்டையால் மட்டும் துடைக்காதீர்கள்.